வெறும் சால்னா

"எலும்பைக் கொறைச்சுட்டாய்ங்க, அதான் சால்னா தண்ணியா ஓடுது" என்று பின் சீட்டில் ஒருவர் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காலை ஒன்பது மணி பஸ்ஸில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேற்றுச் சாப்பிட்டதைப் பற்றிப் பக்கத்து மனிதரிடம் எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் சொன்னார். பக்கத்து மனிதர் கொட்டாவிக்கு நடுவே ஒரு ஆமாம் போட்டார். அதோடு பேச்சு யாருடைய மருமகனோ வாங்கிய பழைய டிராக்டருக்குப் போய்விட்டது. கீழக்குயில்குடி பஸ் பெரியார் நிலையத்து வாசலில் வளைந்துகொண்டிருந்தது. அந்த வாக்கியம் மட்டும் எங்கும் வளையாமல் நேராக வந்து மாரீஸ்வரியின் காதில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைக்கூட அசைக்காமல் கண்ணை மட்டும் மெதுவாகப் பக்கவாட்டில் கொண்டுபோனாள். ஜன்னலோரம் சுநந்தா உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் பாட்டு வயர் தொங்கியது. எந்தக் காது? ஜன்னல் பக்கத்துக் காது. அப்படியென்றால் இந்தப் பக்கத்துக் காது திறந்திருக்கிறது. திறந்திருக்கிற காதில் எலும்பு என்ற சொல் விழாமல் போகுமா? விழுந்தால் முகம் மாறியிருக்கும். மாறவில்லை. மாறாத முகத்துக்கு என்ன அர்த்தம், கேட்கவில்லை என்றா, கேட்டும் ஒன்றும் தோன்றவில்லை என்றா? ஒன்றும் தோன்ற வேண்டிய அவசியம் அவளுக்கு எங்கே இருக்கிறது, அவள் சாப்பிட்டது வெறும் சால்னா அல்லவா. மாரீஸ்வரி முன் சீட்டுக் கம்பியில் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். நகத்தோரத்தில் மஞ்சள் இன்னும் லேசாக இருந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத மஞ்சள். விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள்.

மூன்று நாள் லீவுக்கு மதுரை என்று முடிவானபோது இரண்டு பேரும் விடுதி அறைத் தரையில் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இடமெல்லாம் சுநந்தாவின் பட்டியல், சாப்பாடெல்லாம் மாரீஸ்வரியின் பட்டியல். எம்.ஏ. வரலாறு படிக்கிற இரண்டு பேர் ஒரு ஊருக்குப் போனால் அப்படித்தான் போக வேண்டும், பாதி கல்லுக்கு, பாதி வயிற்றுக்கு என்று சுநந்தா சொன்னாள். அவள் பட்டியலில் நாயக்கர் மகால், அருங்காட்சியகம் எல்லாம் இருந்தாலும் அடிக்கோடு போட்டிருந்தது இந்தக் கீழக்குயில்குடிச் சமண மலைக்கு மட்டும்தான். சுநந்தாவின் வீடு வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். மதுரை என்றாலே எங்காளுங்களைக் கழுவில் ஏற்றின கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், மலையில் இன்னும் கல்லாக உட்கார்ந்துகொண்டிருக்கிற தீர்த்தங்கரரை ஒருத்தரும் போய்ப் பார்ப்பதில்லை என்பாள். மாரீஸ்வரியின் பட்டியல் விருதுநகர்க்காரியின் பட்டியல். அதில் இருந்தது பாதிக்கு மேல் கறி. சுநந்தாவுக்காக ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் பருத்திப்பால், ஜிகர்தண்டா, இட்லி, பரோட்டா என்று நின்றது. பரோட்டாவை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் அடித்திருந்தால் இன்றைக்கு இந்த பஸ் வேறு பஸ்ஸாக இருந்திருக்கும். இரண்டு வருஷமாகச் சுநந்தாவின் அம்மா கொடுத்தனுப்பும் புளிச்சோற்றையும் எள்ளுருண்டையையும் பாதிக்கு மேல் தின்றவள் மாரீஸ்வரி. தன் பக்கத்திலிருந்து ஒரு ருசி, ஒன்றே ஒன்று, அவள் நாக்கில் வைக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு ரொம்ப நாளாக இருந்தது. ஆசைதான். அது நல்ல சொல்லாகத்தான் இருக்கிறது. நல்ல சொல்லை முன்னால் நிறுத்திவிட்டு அதன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ள எனக்கு நன்றாக வருகிறது என்று நினைத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது சுநந்தாவின் கணக்கு. விடுதிக்கு வந்த பிறகு, வீட்டில் சேர்க்காத வெங்காயத்துக்கு விட்டுக்கொடுத்தாள், உருளைக்கிழங்குக்கு விட்டுக்கொடுத்தாள், இரண்டை மட்டும் விடவில்லை. இருட்டினால் சாப்பிட மாட்டாள், உயிர் இருந்ததைச் சாப்பிட மாட்டாள். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பலகையையும் படித்து, படித்ததை நோட்டில் எழுதி, எழுதியதைச் சரிபார்த்து வெளியே வரும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. மாரீஸ்வரிக்கு மத்தியானம் சாப்பாடே கிடையாது, ஒரு ஜிகர்தண்டாவோடு சரி. அந்தக் கடையிலும் சுநந்தா, கடற்பாசின்னா என்ன பாசி, அது எதில் எடுப்பது என்று கேட்டு, கடைக்காரர் பதில் தெரியாமல் சிரித்து, வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து, மாரீஸ்வரிக்குக் காது மடலெல்லாம் சூடாகிப் போயிற்று. எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அப்படித்தான். அதே எண்ணெயா, அதே கரண்டியா, அதே கல்லா. விடுதிப் பெண்கள் இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு என்று கேலி செய்வார்கள். சுநந்தா அதற்கும் சிரித்துக்கொண்டே கேட்பாள். கேட்பது அவளுக்கு எளிது. மாரீஸ்வரிக்கு ஒரு ஹோட்டலில் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். நேற்று அந்தப் பரோட்டாக் கடை வாசலில் சுநந்தா, "இன்னைக்கு நீயே கேட்டுடுடி, பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கிச்சு. உங்க பக்கத்து ஆளுங்கதானே" என்றாள்.

கடை முழுக்க ஆண்கள். கல்லில் மாஸ்டர் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் தட்டும் சத்தம். சர்வர் வந்து நின்றார், தோளில் துண்டு, பார்வை அடுத்த மேஜையில். மாரீஸ்வரி நாலு பரோட்டா என்றாள். சால்னா என்ன சால்னா என்றார். அந்த இடத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். அண்ணே, சைவத்துக்கு என்ன இருக்கு? இவ்வளவுதான். நாலு சொல். மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை. பக்கத்து மேஜையில் சால்னாவில் ஊறிய பரோட்டாவின் வாசனை வந்தது. சோம்பு, கசகசா, அடியில் எலும்பு. சர்வர், "சொல்லும்மா, ஆளு நிக்கிது" என்றார். அவள், "வெறும் சால்னா" என்றாள். நாக்கில் இருந்தது வந்துவிட்டது. சுநந்தா இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "சைவந்தானேடி?" என்று கேட்டாள். மாரீஸ்வரி, "ம்" என்றாள். பொய் சொன்னாள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு மெய்யெழுத்து, வாயைத் திறக்காமலே சொன்னது. அந்த ம்-க்குள் எத்தனையோ இருந்தது. பசி இருந்தது. வெட்கம் இருந்தது. காலையிலிருந்து பலகை பலகையாகக் காத்து நின்ற கால்வலி இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ கேட்காமல் சாப்பிடு என்று ஒரு சின்ன முள் இருந்தது. அந்த முள்ளைத்தான் அவளால் தொட முடியவில்லை. மற்றதையெல்லாம் எடுத்துப் பார்த்து வைக்க முடிகிறது, இதைத் தொட்டால் கை பின்னால் வந்துவிடுகிறது. சுநந்தா சாப்பிட்டாள். பிய்த்துப் போட்டு ஊறவைத்து, மாரீஸ்வரி சொல்லிக்கொடுத்த மாதிரியே சாப்பிட்டாள். இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கினாள். "சைவத்துக்கே உங்க பக்கம் இப்படி ஒரு ருசியா" என்றாள்.

வெறும் என்ற சொல்லை மாரீஸ்வரி எண்ணெய்மில் தெருவில் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா தூக்குவாளியைக் கொடுத்து, நாலு பரோட்டா, சால்னா வெறுமனே ஊத்தச் சொல்லு என்பார். பீஸ் வாங்கினால் கட்டாது. பீஸ் இல்லாவிட்டாலும் கறிக்குழம்பு கறிக்குழம்புதான், எலும்பு முழுக்க அதில் இறங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் வீடு மணக்கும். தங்கச்சி சால்னாவை விரலால் துழாவி எங்கேயாவது ஒரு துண்டு தப்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சில நாள் வந்திருக்கும். அந்தத் தெருவில் யாருக்கும் வெறும் சால்னா என்றால் என்ன என்று சந்தேகமே வந்ததில்லை. வெறுங்கை என்றால் கை இல்லாமலா இருக்கிறது, வெறும் வயிறு என்றால் வயிறு இல்லாமலா. ஒன்று எடுக்கப்பட்டது என்றுதான் அர்த்தம், எடுக்கப்பட்டதின் வாசனை போய்விட்டது என்றில்லை. ஆனால் வந்தவாசிப் பக்கத்தில் பிறந்த ஒருத்திக்கு வெறும் என்றால் ஒன்றும் சேராதது, சுத்தமானது. ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள், தவறு சொல்லுடையது என்று வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். நேற்று வைத்துக்கொண்டுதான் படுத்தாள். விடியும்போது அது அங்கே இல்லை.

காளவாசல் தாண்டியதும் சுநந்தா காதிலிருந்த வயரைக் கழற்றி மடித்தாள். "ஏய், சால்னாவுக்கு என்னென்ன போடுவாங்க?" என்று கேட்டாள். மாரீஸ்வரி விரல்களை இன்னும் உள்ளே மடக்கினாள். கேட்டுவிட்டாள். பின் சீட்டுப் பேச்சு காதில் விழுந்திருக்கிறது, சுற்றி வளைத்து வருகிறாள். ஆனால் சுநந்தா போனை நீட்டினாள், அம்மாவிடமிருந்து வந்த செய்தி. பரோட்டாவை நேற்றே படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள், பொண்ணு இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டதாகச் சொல்கிறாளே, பக்குவத்தை மாரியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று அம்மா கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி, மாரி கூட இருக்கிறதால் எனக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. எழுத்துப் பிழையோடு இருந்தது அந்த வரி. சாப்பாட்டில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. மாரீஸ்வரி சொன்னாள். தேங்காய், கசகசா, சோம்பு, பொட்டுக்கடலை, இவற்றை அரைக்கணும். பட்டை, கிராம்பு, கல்பாசி தாளிக்கணும். தக்காளி நிறைய. மிளகாய்த்தூள், மல்லித்தூள். சுநந்தா நோட்டில் கல்வெட்டு வாசகங்கள் எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். "அவ்ளோதானா?" என்று நிமிர்ந்தாள். பஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. அவ்வளவுதான் என்றாள் மாரீஸ்வரி. சொன்னதெல்லாம் உண்மை, ஒன்று மட்டும் இல்லை. இந்த வாரமே அந்த அம்மா தன் அடுப்பில் இதை வைப்பார். ஏதோ ஒன்று குறைகிறதே என்பார். உப்பா, புளிப்பா என்று தேடுவார். என்ன குறைகிறது என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கடைசிவரை தெரியாது. சுநந்தா மட்டும், மதுரையில் சாப்பிட்டது மாதிரி வராதும்மா என்பாள். அந்தச் சமையலறையை மாரீஸ்வரி பார்த்திருக்கிறாள். தண்ணீர்க் குழாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். வடிகட்டிய பிறகு துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிரையும் கிணற்றடியில் மெதுவாக உதறி விடுவார்கள்.

நாகமலை ஜன்னலில் நீளமாக ஓடியது. தெரியாமல் செய்தது பாவமாகாது என்று எல்லா மதத்திலும் இருக்கும். சுநந்தாவுக்குத் தெரியாது. ஆகவே சுநந்தா சாப்பிட்டது கறி இல்லை. சாப்பிட்டவளுக்கு அது சைவம், சொன்னவளுக்குத்தான் கறி. அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதான் அவளைக் காப்பாற்றுவது. சொன்ன நிமிஷத்தில்தான் அந்தக் குழம்பு அவள் வயிற்றில் கறியாக மாறும். இந்த வாதம் நன்றாகத்தான் இருக்கிறது, பரீட்சையில் எழுதினால் மார்க் போடுவார்கள். ஆனால் விடுதியில் ஒரு கரப்பான்பூச்சி ராத்திரி குளியலறைக் கதவில் உட்கார்ந்திருந்தபோது சுநந்தா கட்டிலில் ஏறி நின்றுகொண்டு மாரி, மாரி என்று கத்தினாளே, மாரீஸ்வரி விளக்குமாற்றோடு போனதும், அடிக்காதே, அடிக்காதே, முறத்தில் எடுத்து வெளியே விடு என்று கெஞ்சினாளே, நான்தானே அடிக்கிறேன், உனக்கென்ன பாவம் இன்ஸ்பெக்டரம்மா என்றதற்கு என்ன சொன்னாள்? நான் செய்தாலும் பாவம், உன்னைச் செய்ய வைத்தாலும் பாவம், நீ செய்வதைப் பார்த்துச் சும்மா தலையாட்டினாலும் பாவம், மூன்றும் ஒரே எடை என்று எங்க வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எனக்கு மூன்று பக்கமும் வழியில்லை என்று சொல்லிச் சிரித்தாள். மாரீஸ்வரியும் சிரித்தாள். கரப்பான் முறத்தில் ஏறி மாரீஸ்வரியின் கைமேல் ஓடி, அவள் முறத்தைத் தூக்கி எறிந்து, இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். செய்வது, செய்விப்பது, உடன்படுவது. நேற்று அவள் ஒருத்தியே மூன்றையும் செய்து முடித்தாள். சுநந்தா செய்தது என்ன? பசித்தவள் சாப்பிட்டாள். நம்பினவள் சாப்பிட்டாள். இந்த இரண்டாவது வாக்கியம் வந்ததும் மாரீஸ்வரி கண்டக்டரின் தோல்பையைப் பார்க்கத் தொடங்கினாள். பித்தான் அறுந்திருந்தது. நூல் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியபோது பின் சீட்டுக்காரர்கள் முன்னால் இறங்கிக் கட்டைப்பையோடு ஊருக்குள் போனார்கள். சொன்னவர் எந்த மனிதர் என்று இப்போதும் தெரியவில்லை, இரண்டு முதுகும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மலையடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோவில், ஓங்கிய குதிரைகள். கோவில் வாசலில் ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றின் எல்லை வரைக்கும் போய்ப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. சுநந்தா குனிந்து அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். மாரீஸ்வரி குளத்தைப் பார்த்தாள். படியேறும் இடத்தில் கொய்யா விற்ற அம்மா, மேலே போறீகளா, வெயிலுக்கு முன்ன இறங்கிருங்க, குரங்குக்குப் பையைக் காட்டாதீக என்றார். பாறையில் வெட்டிய படி, ஓரத்தில் இரும்புக் கம்பி. கம்பி இன்னும் சூடாகவில்லை. சுநந்தா முன்னால் ஏறினாள், பேசிக்கொண்டே ஏறினாள், தொண்டை சரியாகிவிட்டது போல. மேற்குப் பக்கத்துக் குகையில் இருக்கிற பெரிய உருவத்தை ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்கிறார்களாம், நீளக் காதைப் பார்த்துவிட்டு. அதைச் சாயங்காலம் பார்க்கலாம், முதலில் மேலே சுனைப் பக்கம் வரிசையாக இருக்கிறவர்களைப் பார்ப்போம். ஆயிரத்து இருநூறு வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் சொல்லியும் எழுந்து போகவில்லை என்றாள். மாரீஸ்வரி அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். குதிகாலில் வெடிப்பு. எறும்பு வரிசை வந்தால் அந்தக் கால் தானாகவே தூக்கித் தாண்டி வைத்தது, பேச்சு நிற்காமல், கண் பார்க்காமல். மாரீஸ்வரியின் கால் இரண்டு எறும்பை மிதித்த பிறகுதான் வரிசையைக் கண்டது.

சொல்லலாம், திரும்பிப் போகும் ரயிலில் சொல்லலாம். ரயிலில் ஆட்கள் இருப்பார்கள். விடுதிக்குப் போய்ச் சொல்லலாம், பரீட்சை முடிந்து சொல்லலாம், பத்து வருஷம் கழித்து இரண்டு பேருக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஏண்டி, மதுரையில் உன்னை ஒரு நாள் ஏமாற்றினேன் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அப்போது சுநந்தா சிரிப்பாளா? அந்தச் சிரிப்பை மாரீஸ்வரி வரைந்து பார்த்தாள். வாய் மட்டும் வந்தது. மூச்சு வாங்கியது. காற்றில் சுநந்தாவின் தாவணி படபடத்தது. அவள் பயணத்துக்குச் சுடிதார்தான் போடுவாள், இன்றைக்கு மட்டும் பாவாடை தாவணி, தலை குளித்து ஈரத்தை நுனியில் முடிந்திருந்தாள். காலையில் இட்லிகூடச் சாப்பிடவில்லை, பார்த்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றாள். சுத்தமாகப் போகிறாள். அவள் நினைப்பில் அவள் சுத்தமாகப் போகிறாள். ரயிலில் சொன்னால், பத்து வருஷம் கழித்துச் சொன்னால், அவள் இந்தக் காலையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பாள். தலை குளித்ததையும், தாவணியையும், எறும்பைத் தாண்டியதையும். அந்தக் கறியோடுதான் அங்கே நின்றேன் என்று பார்ப்பாள். சொல்லாமலே விட்டால்? சொல்லாமலே விட்டால் பார்க்க மாட்டாள், நான் பார்ப்பேன் என்று மாரீஸ்வரி நினைத்தாள். அவள் கும்பிடும்போது நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

திருப்பத்தில் பாறை நிமிர்ந்தது. மேலே, ஏழெட்டுப் படிக்கு அப்பால், வரிசையாகச் சின்னச் சின்ன உருவங்கள் தெரிந்தன. ஒருவர் தலைக்கு மேல் பாம்பு, ஒருவர் காலைச் சுற்றிக் கொடி. கண்ணை மூடியும் மூடாமலும் எல்லாரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வட்டெழுத்து. சுநந்தா செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தாள். கையை நீட்டி எழுத்துகளைக் காட்டினாள். எல்லா உருவத்துக்கும் கீழே ஒரே பாட்டுத்தான் என்றாள், இன்னார் செய்வித்த திருமேனி, இன்னார் செய்வித்த திருமேனி. செதுக்கினவன் பெயரை ஒருத்தனும் போடவில்லை, செய்வித்தவர்கள் பெயர்தான் நின்றிருக்கிறது, புண்ணியம் அவர்களுக்குத்தான் போல என்று சிரித்துவிட்டு முதல் படியில் கால் வைத்தாள். "வா மாரி."

மாரீஸ்வரி கம்பியை விடவில்லை. மனதுக்குள் சொல்லிப் பார்க்க நேரம் இல்லை. "நேத்து நீ சாப்பிட்டது கறிச் சால்னா" என்றாள். சத்தம் தேவைக்கு மேல் வந்துவிட்டது. பாறையில் எங்கோ இருந்த குரங்கு ஒன்று நிமிர்ந்தது.

சுநந்தா திரும்பினாள். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது. "என்ன?"

"எலும்பு போட்டுக் கொதிக்க வைக்கிறது. பீஸ் மட்டும் போட மாட்டாங்க. வெறும் சால்னான்னா அதுதான்."

கீழே கோவில் பக்கத்தில் யாரோ குழாயில் குடம் வைத்தார்கள், தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. சுநந்தாவின் கை மெல்ல உயர்ந்து வாயின் மேல் வந்து நின்றது. கண் மாரீஸ்வரியின் முகத்திலேயே இருந்தது. பிறகு கையை எடுத்து, "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. இப்போதுதான், பஸ்ஸில் ஒருத்தர் சொல்லக் கேட்டேன் என்று சொல்லலாம். பாதி உண்மை. சுநந்தா நம்புவாள். ஐயோ பாவம், நீயும் தெரியாமத்தானே என்று அவளே சமாதானம்கூடச் சொல்வாள். மாரீஸ்வரி அந்தக் கதவைப் பார்த்தாள்.

"முன்னாடியே தெரியும்."

"நான் சைவமான்னு கேட்டப்போ?"

"அப்பவும் தெரியும்."

சுநந்தா படியில் வைத்திருந்த காலை எடுத்துக் கீழே வைத்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தோள்பையைத் திறந்து, நோட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அடியில் கையை விட்டு, ஒரு சின்ன வெள்ளைத் துணி முடிச்சை எடுத்தாள். பல்லால் கடித்து அவிழ்க்கப் போனவள், நிறுத்தி, நகத்தால் அவிழ்த்தாள். உள்ளே பச்சரிசி.

"அம்மா குடுத்து அனுப்பினாங்க" என்றாள். "மேல இருக்கிறவங்க முன்னாடி வைக்கச் சொல்லி."

மாரீஸ்வரியின் வலது கையைக் கம்பியிலிருந்து பிரித்து எடுத்து, விரல்களை விரித்து, அரிசி முழுவதையும் அதில் கொட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

"நீ போய் வை."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பத்துப் படி கீழே இறங்கி, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.